தாழ்த்திய வண்டியும் தடுப்பு றப்பரும்

இயந்திரத்தின் உறுப்புகளுட் சில நாள்தோறும் உழைப்பன. வேறு சில இடர் வரும் வேளையில் மட்டும் உழைப்பன. முன்னவற்றை யாவரும் அறிவர். பின்னவற்றை அவை இல்லாது போன பின்னரே பலர் அறிவர். மோட்டார் வண்டியின் அடியில் மறைந்திருக்கும் சிறிய றப்பர்த் துண்டொன்று இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆங்கிலத்தில் ‘பம்ப் ஸ்ரொப்’ எனப்படும் அதனை இக்கட்டுரையில் ‘தடுப்பு றப்பர்’ என வழங்குவோம். குட்டையான வில்களைப் பூட்டி வண்டியைத் தாழ்த்தும் விருப்பம் இளைஞர் பலரிடம் உண்டு. அவ்வாறு தாழ்த்துவோர் தடுப்பு றப்பரை என் செய்தல் வேண்டும் என்பதைப் பழைய மாணவர்க்கும் இன்று பயில்வோர்க்கும் எடுத்துரைத்தல் பயனுடைத்து எனக் கருதுகின்றோம்.

சில்லுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே நிற்பது வில். தெருவின் மேட்டிற் சில்லு ஏறும்போது வில் சுருங்குகின்றது. பள்ளத்தில் இறங்கும்போது நீள்கின்றது. சுருங்கிய வில் மீண்டும் மீண்டும் துள்ளாதவாறு அடக்குவது ‘சொக் அப்சோபர்’ என நாம் அழைக்கும் தணிப்பான். ஆயினும் எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. பெருங்குழியிற் சில்லு விழுந்து எழும்போது அச்சு வண்டியின் உடலில் மோதலாம். அல்லது தணிப்பானின் முசலம் அதன் அடியில் இடிக்கலாம். இரும்பும் இரும்பும் மோதுமுன் இடையிற் புகுந்து அவ்வடியை ஏற்பதே தடுப்பு றப்பரின் தொழில். அதன் நுனி குறுகியும் அடி பருத்தும் இருத்தல் அழகுக்காக அன்று. மெல்லிய நுனி முதலில் இணங்கிக் கொடுக்கும். பருத்த அடி பின்னர்ப் படிப்படியாக எதிர்க்கும். ஆகவே அதனை வெறுந் தடையெனக் கொள்ளாது, இறுதிக் கட்டத்தில் உழைக்கும் இரண்டாவது வில் என்றே கொள்ளல் வேண்டும்.

நம் நாட்டுத் தெருக்களில் நெடுங்காலம் ஓடிய மொறிஸ் மைனர் வண்டியில் இதனை எளிதிற் காணலாம். 1948ஆம் ஆண்டு வெளிவந்த அவ்வண்டியின் பின்புறத்தில் தட்டு வில்லின்மேல் அச்சு அமர்ந்திருக்கும். அச்சுக்கு மேலே வண்டியின் உடலிலே தடுப்பு றப்பர் பூட்டப்பட்டிருக்கும். பின்புறத்தைத் தாழ்த்த விரும்புவோர் வில்லுக்கும் அச்சுக்கும் இடையே ஒரு கட்டையைச் செருகுவர். ஒன்றரை அங்குலக் கட்டையாயின் வண்டி ஒன்றரை அங்குலம் தாழும். அச்சுக்கும் றப்பருக்கும் இடைப்பட்ட வெளியும் அதே ஒன்றரை அங்குலம் குறையும். இக்கால வண்டிகள் பலவற்றிற் சுருள் வில்லும், தணிப்பானின் தண்டைச் சூழ்ந்த தடுப்பு றப்பரும் உள்ளன. கட்டைக்குப் பதிலாகக் குட்டையான சுருள் வில் வந்ததேயன்றிக் கணக்கு மாறவில்லை.

அக்கணக்கைச் சிறிது பார்ப்போம். ஒரு வண்டியில் அவ்வெளி 60 மில்லிமீற்றர் எனக் கொள்க. வண்டியை 30 மில்லிமீற்றர் தாழ்த்தினால் மிஞ்சுவது 30. வெளி பாதியாயிற்று, ஆகவே வில்லின் தாங்குந் திறனும் பாதியாயிற்று என எண்ணுதல் பொருந்தாது. வில்லின் விசை அதன் சுருக்கத்துக்கு நேர்விகிதசமம் என்பது 1678இல் ஊக் வெளியிட்ட விதி. வகுப்பறையில் நாம் யாவரும் படித்ததே. அதன்படி, வண்டி அசையாது நிற்கும் நிலையிலிருந்து அளப்பின், ஓர் அடியில் வில் ஏற்கக்கூடிய சத்தி சுருக்கத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே பாதித் தூரத்தில் அதே வில் ஏற்பது முன்னைய சத்தியிற் காற்பங்கே. முழுவதையும் ஏற்கவேண்டுமெனின் வில்லின் விறைப்பு நான்கு மடங்காதல் வேண்டும். தாழ்த்தும் வில்கள் சிறிது விறைப்புக் கூட்டியே செய்யப்படுகின்றன எனினும், நான்கு மடங்கு விறைப்புடைய வில்லை எவரும் பூட்டார். பூட்டினால் அமர்ந்திருப்போர் முதுகு பொறாது. எஞ்சிய பாரம் முழுவதும் தடுப்பு றப்பரின் தலையிலேயே விழுகின்றது.

இது நமது பகுதிக்கு எவ்வாறு பொருந்தும் என்பதை நோக்குவோம். எழுவான்கரையின் நெடுஞ்சாலை செம்மையானது. ஆனால் 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின், முன்னர்த் துறையிற் காத்திருந்த வண்டிகள் வாவியை நேரே கடந்து படுவான்கரைக்குச் செல்கின்றன. வயல்களினூடு செல்லும் கிளைத் தெருக்களில், மாரி வெள்ளம் அரித்த விளிம்புகளும், மதகின் இரு புறமும் மண் தாழ்ந்து உண்டான படிகளும் எதிர்ப்படும். கொக்கட்டிச்சோலைக் கோயிலுக்குக் குடும்பத்தோடு செல்லும் வண்டியில் பின் ஆசனத்தில் மூவர் அமர, பின்புறம் 25 மில்லிமீற்றர் தாழ்வதாகக் கொள்வோம். பழைய உயரத்தில் 35 மில்லிமீற்றர் வெளி மிஞ்சியிருக்கும்; தாழ்த்திய வண்டியில் மிஞ்சுவது ஐந்தே. அவ்வண்டி வில்லின்மீது ஓடாது றப்பரின்மீதே ஓடும்.

அதனால் விளைவது உடல் வருத்தம் மாத்திரமன்று. வளைவில் வெளிப்புறச் சில்லின் றப்பர் திடீரென அழுந்துமாயின், அப்பக்கத்தின் விறைப்பு ஒரு கணத்தில் மிகும். முன்புறத்தில் இது நேரின் வண்டி வளைய மறுத்து நேரே ஓடும்; பின்புறத்தில் நேரின் வால் சறுக்கும். ஈரத் தெருவில் இதன் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை.

இவ்விடத்திற் சிலர் றப்பரை முற்றாகக் கழற்றி எறிவர். வண்டி சில நாள் மெத்தென ஓடும். பின்னர் முசலம் இடித்துத் தணிப்பான் கெடும், அல்லது ரயர் மேற்காப்பில் உராயும். வேறு சிலர் ஒன்றுஞ் செய்யாது விடுவர். அதன் பயனை மேலே கண்டோம். அளந்து வெட்டுதலே நடுவழி. அதற்குரிய முறை வருமாறு:

முதலாவது, வண்டியை உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்தி, வில்லையும் றப்பரையும் கழற்றி, தணிப்பானை மாத்திரம் பூட்டிச் சில்லை ஜக்கினால் மெல்ல உயர்த்துக. எது முதலில் முட்டுகின்றது என்பதைக் குறித்துக்கொள்க. முன்சில்லாயின் இரு புறமும் திருப்பிப் பார்த்தல் வேண்டும். அந்நிலையிற் தண்டின் வெளிப்பகுதி 20 மில்லிமீற்றர் எனின், முற்றாக அழுந்திய றப்பரின் தடிப்பு அதனினும் மிகுதியாக இருத்தல் வேண்டும். வெட்டுதலின் எல்லை அதுவே.

இரண்டாவது, தாழ்ந்த அளவையே வெட்டும் அளவாகக் கொள்ளலாகாது. சில வண்டிகளில் றப்பர் சில்லினருகில் இல்லாது, சில்லைத் தாங்கும் கையின் நடுவில் இருக்கும். அங்கே சில்லு 30 மில்லிமீற்றர் எழும்போது றப்பரிடத்து அசைவு 15 ஆகவே இருக்கலாம்.

மூன்றாவது, குறுகிய நுனியை வெட்டாது பருத்த அடியிலேயே வெட்டுக; நுனி போயின் முதல் மென்மையும் போகும். சிறிது சிறிதாகவும், இரு புறமும் ஒரே அளவாகவும் வெட்டுதல் நன்று. அடிப்பாகம் கிண்ணத்திற் பொருந்துவதாயினும், இரும்புத் தகட்டோடு வார்க்கப்பட்டதாயினும் கத்தியை எடுத்தலாகாது. அளவிற் குறைந்த வேறொன்றை வாங்குதலே முறை.

நான்காவது, பொருளை அறிதல் வேண்டும். திண்ணிய றப்பர் அழுத்தினாற் பக்கவாட்டிற் பிதுங்குமேயன்றிக் கனவளவிற் குறையாது. பிதுங்க இடம் வேண்டும். இக்காலத் தடுப்புத் துண்டுகள் பல நுண்துளை நிறைந்த பொலியூரிதேனால் ஆனவை. அவை அதிகம் பிதுங்காது தம் நீளத்திற் பெரும்பகுதி சுருங்க வல்லன. ஒன்றுக்குரிய அளவை மற்றொன்றுக்குக் கொள்ளுதல் பிழை.

இறுதியாக, தணிப்பானின் தண்டில் மெல்லிய வளையம் ஒன்றை இட்டு, நிறைந்த பாரத்தோடு வழக்கமான தெருவில் ஓட்டிப் பார்க்க. வளையம் தள்ளப்பட்ட இடம், தண்டு எவ்வளவு தூரம் உள்ளே சென்றது என்பதைக் காட்டும். சிறு மேடுதோறும் றப்பர் அழுந்துகின்றதெனின், இனி வெட்டவேண்டியது றப்பரையன்று, தாழ்த்தும் ஆசையையே. 30 மில்லிமீற்றருக்குப் பதிலாக 15 தாழ்த்தினால் முன்கண்ட கணக்கில் 45 மில்லிமீற்றர் வெளி மிஞ்சும். வில் ஏற்கும் சத்தியும் முன்னையதின் அரைப்பங்குக்கு மேலாக நிற்கும்.

வண்டியின் அழகை வெளியில் நிற்போர் காண்பர். அதன் வெளி குறைந்தமையைப் பின் ஆசனத்திலிருக்கும் பெற்றோரும் பிள்ளைகளுமே உணர்வர். ஆதலின் நம் கல்லூரி மாணவர் வண்டியிற் கைவைக்குமுன், கத்தியை விடுத்து அளவுகோலை முதலில் எடுப்பாராக.