லட்சுமிக்கு மேக்கப் நடக்குது, உள்ளே வாங்க!

ரவி வர்மாவின் லட்சுமியைத் தெரியாத வீடு உண்டா? தாமரை மேல் நிற்பாள், நாலு கை, பக்கத்தில் யானை. அந்த லட்சுமியை ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டு, மை தீட்டி, சேலைக் கொசுவத்தைச் சரிபண்ணி, லைட்டைத் திருப்பி வைத்து, “அசையாதீங்கம்மா” என்றால் எப்படி இருக்கும்? பெங்களூருக் கலைஞர் என். புஷ்பமாலா அதைத்தான் செய்தார்! லட்சுமியாக நின்றதும் அவரேதான்.

புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து 2000 முதல் 2004 வரை எடுத்த தொடர் அது. தென்னிந்தியப் பெண் என்றதும் நம் கண்ணில் நிற்கும் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதற்குள் தானே போய் நின்றார். வேளாங்கண்ணி மாதா, பீஜப்பூர் ஓவியத்து யோகினி, வெள்ளைக்காரன் அளந்து படம்பிடித்த தோடர் இனப் பெண், 1970-களின் தமிழ்ப் படமொன்றில் சாட்டை வீசும் கதாநாயகி. அடேயப்பா, எத்தனை பேர் ஒருத்திக்குள்!

எனக்குத் தலைகால் புரியாமல் போவது இங்கேதான்: படம் உருவான கதையையும் அவர்கள் படமாகவே காட்டிவிட்டார்கள். தொடரின் ஒரு பகுதியே படப்பிடிப்பின் பின்கட்டு. பின்னால் தொங்குவது கையால் வரைந்த படுதா என்று தெரிகிறது. நிலவும் குளமும் சாயம். ரவி வர்மாவின் தூரிகைக்கு நாலு கை சுலபம். ஸ்டூடியோவில் நிற்கிறவளுக்கு இரண்டுதானே, மிச்சத்தைச் செய்துதான் ஆகணும். புஷ்பமாலா பரோடாவில் சிற்பம் படித்தவர். உடம்பையே களிமண்ணாக எடுத்துக்கொள்ளும் துணிச்சல் அங்கிருந்து வந்தது என்றே நினைக்கிறேன்.

படுதா என்றதும் சங்கரன்கோவில்காரர்களான நமக்குக் கோவில்பட்டி நினைவுக்கு வரணும். இங்கிருந்து கிழக்கே ஒரு பஸ் தூரம். நாடகக் கம்பெனிக்கு சீன் வரைந்துகொண்டிருந்த கொண்டையராஜு, கம்பெனி கலைந்ததும் அங்கேயே தங்கி, சீடர்களோடு ஸ்டூடியோ போட்டார். அவர்கள் வரைந்த அம்மன்களும் மீனாட்சி கல்யாணமும் சிவகாசியில் அச்சாகிக் காலண்டராய் வீடு வீடாகப் போயின. நாடகப் படுதா, போட்டோ ஸ்டூடியோ, சாமி படம் மூன்றும் ஒரே கைப்பழக்கம். புஷ்பமாலாவின் செட்டைப் பார்க்கையில் அந்தப் பழக்கம் பளிச்சென்று தெரிகிறது.

லட்சுமிக்கு மிச்சக் கையைச் சேர்ப்பது போன்ற ஒட்டுவேலையும் நமக்குப் புதிதில்லை. ரவி வர்மாவின் அச்சுப் படத்துக்கு நிஜத் துணியில் சேலை கட்டி, ஜரிகை வைத்து, சமிக்கி ஒட்டிக் கண்ணாடி போட்டு மாட்டினார்களே! முகம் மட்டும் அச்சு. மற்றதெல்லாம் வீட்டுப் பெண்களின் ஊசியும் பசையும். அந்தச் சமிக்கியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். தையல் கொஞ்சம் கோணலாயிருக்கும், விளக்கு வெளிச்சத்தில் ஜொலிக்கும். வலப்பாதி சிவனும் இடப்பாதி திருமாலுமாக நிற்கும் சங்கரநாராயணரைக் கும்பிடுகிற நம் ஊருக்கு, இரண்டு ஒன்றாய்ச் சேரும் கோடு பழக்கமானதுதான். அந்தக் கோயிலின் கோமதியம்மன் தவமிருந்து கேட்டதே அந்தக் கோலத்தைத்தானே.

தொடரில் என்னை ரொம்ப நேரம் நிறுத்தியது இன்னொரு படம். 2001-இல் ஒரு பத்திரிகையில் வந்த, பிடிபட்ட பெண்களின் போட்டோ, அதற்குள்ளும் புஷ்பமாலா. லட்சுமியின் அதே மூக்கு, அதே கண். கிரீடம் இல்லை, தாமரை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், கை தானாகக் கும்பிடப் போவது எதைப் பார்த்து என்று!