கண்ணைக் காணும் கருவிகள்

எண்சாண் உடம்பிற்குத் தலையே முதன்மையானது. அத்தலைக்கும் கண்ணே முதன்மையானது. உலகையெல்லாம் காணும் அக்கண் தன்னைத் தானே காணவல்லதன்று. ஆதலின், அதன்கண் தோன்றும் நோயை அறிதற்கு அறிஞர் பல கருவிகளைப் படைத்துள்ளனர்.

கடிகாரத்தின் முகப்பில் கண்ணாடி அமைந்திருத்தல்போல, கண்ணின் முகப்பில் கார்னியா என்னும் படலம் அமைந்துள்ளது. அதன் நடுப்பகுதி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனமே உடையது. ஒளி தடையின்றிப் புகும்பொருட்டு, அதனுள் குருதிக்குழாய்களும் இல்லை. அதில் தழும்பு விழுமாயின் பார்வை மங்கும்.

அறுவடைக் காலத்தில் நெல்தாளோ உமியோ உழவரின் கண்ணைக் கீறுவதுண்டு. அக்கீறலின் வழியே பூஞ்சை புகுந்து புண்ணை உண்டாக்கும். பாக்டீரியாவும் இத்தகைய புண்ணை உண்டாக்கும். இரண்டும் பார்வைக்கு ஒத்திருப்பினும், அவற்றிற்குரிய மருந்துகள் வேறு. புண்ணைச் சுரண்டியெடுத்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்தால் உண்மை விளங்கும். ஆனால், பூஞ்சை வளர்ந்து வெளிப்படச் சில நாள்கள் ஆகும்; அதற்குள் புண் ஆழ்ந்துவிடக்கூடும்.

1911ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டறிஞர் ஆல்வார் குல்ஸ்ட்ராண்ட் கீற்றொளி விளக்கை அறிமுகப்படுத்தினார். மெல்லிய ஒளிக்கீற்றைக் கண்ணில் பாய்ச்சி உருப்பெருக்கிக் காணும் அவ்விளக்கு, இன்றும் மருத்துவர்க்கு இன்றியமையாதது. எனினும், பூஞ்சையின் நுண்ணிழைகள் அதற்குப் புலப்படா. அவற்றைக் காட்டுவது கான்போக்கல் நுண்ணோக்கி. இது, தான் நோக்கும் ஒரு தளத்தின் ஒளியை மட்டும் ஏற்றுப் பிற தளங்களின் ஒளியைத் தடுக்கும். அதனால் கார்னியாவை ஏடு ஏடாகப் புரட்டிப் பார்த்தல் இயலும். கிளைத்துப் படரும் பூஞ்சை இழைகள், உயிருள்ள கண்ணிலேயே சில நிமிடங்களில் தெரியக்கூடும்.

புண்ணின் ஆழத்தை அளப்பது ஓ.சி.டி. என்னும் கருவி. இம்முறையை அமெரிக்க அறிஞர் 1991ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தனர். கண்ணினின்று மீளும் ஒளியையும் கருவியினுள் வேறு வழியே சென்று மீளும் ஒளியையும் ஒன்றுசேர்த்து, அவற்றின் அலைகள் இணையும் தன்மையால் ஆழத்தை இது கணிக்கும். கத்தி படாமலே கண்ணின் குறுக்குவெட்டுத் தோற்றம் படமாகும். கண்ணின் உள்நீர் வடியும் மூலை அடைபட்டிருப்பின் அதுவும் தெரியும். அவ்வடைப்பால் கண்ணின் அழுத்தம் மிகுந்து பார்வை நரம்பு கெடும் என்பதால், அதை முன்னரே அறிதல் பெருநன்மையாகும்.

மாணவர்களே! கருவி எத்துணை நுட்பமானதாயினும், காலந்தாழ்த்தி வந்தவர்க்கு அதன் பயன் குறைவே. கண்ணில் அடிபட்டால் பச்சிலைச் சாறு முதலியவற்றை ஊற்றாது, அன்றே கண் மருத்துவரை நாடுக. உங்கள் இல்லத்தார்க்கும் இதனை எடுத்துரைப்பீராக!