படைவீரர்களும் மதுவும்: குடும்பத்தார் கவனத்திற்கு

 

இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் ஜும்ஆவுக்குப் பின் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், பணியில் இருந்தவரை ஒரு சொட்டும் தொட்டதில்லை. இப்போதும் தொடுவதில்லை. ஆனால் மிலிட்டரி கேன்டீனில் என் கார்டுக்கு வரும் கோட்டாவை வாங்கி, கேட்பவர்களுக்குக் கொடுத்து விடுகிறேன். நாலு காசு கிடைக்கிறது. கூடுமா?" என்று கேட்டார். விடையைப் பின்னர் சொல்கிறேன். அதற்கு முன் படைக்கும் மதுவுக்கும் உள்ள பழைய தொடர்பைப் பார்ப்போம்.

பிரிட்டிஷ் கடற்படையில் மாலுமிகளுக்கு நாள்தோறும் ரம் அளந்து ஊற்றுவது இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடைமுறையில் இருந்தது. போதை அளவு மீறியதால் 1740ஆம் ஆண்டில் தளபதி வெர்னன் அதில் தண்ணீர் கலந்து கொடுக்க உத்தரவிட்டார். அப்படியும் அது தொடர்ந்தது. நுட்பமான இயந்திரங்களைக் கையாளும் மாலுமிக்கு மது பொருந்தாது என்று உணர்ந்து, 1970 ஜூலை 31 அன்றுதான் அதை அடியோடு நிறுத்தினர். அமெரிக்கக் கடற்படையோ 1914 ஜூலை 1 முதல் தன் கப்பல்களில் மதுவைத் தடை செய்தது. நம் நாட்டிலும், போதையில் இருப்பதை, பணியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 1950ஆம் ஆண்டின் இராணுவச் சட்டம் 48ஆம் பிரிவில் குற்றமாகவே வைத்திருக்கிறது. ஒரு கையால் சலுகை விலையில் கொடுத்து மறு கையால் தண்டிக்கும் இந்த முரண்பாட்டை அறிவுடையோர் சிந்திக்க வேண்டும்.

"மலை உச்சியில் குளிருக்கு வேண்டும்" என்பார்கள். மது உள்ளே சென்றதும் தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. மேனி சூடாவது போலத் தோன்றும். உண்மையில் உடலின் உள்வெப்பம் அவ்வழியே வெளியேறி விடுகிறது. பனியில் நிற்பவனுக்கு இது நன்மையல்ல, ஆபத்து. மற்றக் காரணங்கள் நாம் அறிந்தவையே: மனைவி மக்களைப் பிரிந்த தனிமை, உடன் நின்ற தோழன் மடிவதைக் கண்ட கலக்கம், வராத தூக்கம், 'நீ மட்டும் குடிக்க மாட்டாயா?' என்ற கேலி.

நபித்தோழர்களின் படையும் இச்சோதனைக்கு அப்பாற்பட்டதாக இருக்கவில்லை. உஹதுப் போர் நாளின் காலையில் சிலர் மது அருந்தியிருந்தனர் என்றும், அன்றே அவர்கள் ஷஹீதாயினர் என்றும் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. அப்போது மது தடை செய்யப்பட்டிருக்கவில்லை. அல்பகரா 219ஆம் வசனம் அதன் தீங்கை உணர்த்தியது. அந்நிஸா 43ஆம் வசனம் போதையோடு தொழுகையை நெருங்குவதைத் தடுத்தது. ஐவேளைத் தொழுகைக்கு இடையில் குடிப்பதற்கு நேரமே சுருங்கிப் போனது. அதன் பின்னர் அல்மாயிதா 90, 91ஆம் வசனங்கள் முழுமையாகத் தடை செய்தபோது மதீனாவின் தெருக்களில் மது ஓடியது. பழகிய உள்ளங்களை அல்லாஹ் எவ்வளவு பக்குவமாக மீட்டான் என்பதைக் கவனியுங்கள்.

தடை வந்த பின்னும் ஒரு வீரர் தடுமாறினார். அவர் அபூ மிஹ்ஜன் அஸ்ஸகஃபீ (ரலி). உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் பாரசீகருக்கு எதிராகக் காதிஸிய்யாப் போர் நடந்தபோது, குடித்த குற்றத்திற்காக அவர் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தார். தளபதி ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) நோயுற்று, மேலிருந்து போரைக் கவனித்துக் கொண்டிருந்தார். போரின் ஓசை கேட்டுத் துடித்த அபூ மிஹ்ஜன், ஸஅதின் மனைவியிடம், தம்மை அவிழ்த்து விட்டால் உயிரோடு மீளும்பட்சத்தில் தாமே வந்து விலங்கில் கால் வைப்பதாக வாக்களித்தார். அவ்வம்மையார் அவிழ்த்து விட்டார். ஸஅதின் 'பல்கா' என்னும் குதிரையில் ஏறிச் சென்று, கண்டோர் வியக்கப் போரிட்டார். வாக்குத் தவறாமல் திரும்பி வந்து விலங்கை மாட்டிக் கொண்டார். செய்தியறிந்த ஸஅத் (ரலி), இனி அவரை அடிக்கப் போவதில்லை என்று விடுவித்தார். அடி விழுந்தபோதெல்லாம் அது தம் பாவத்தைத் தூய்மையாக்கும் என்று எண்ணிக் குடித்ததாகவும், இனி ஒருபோதும் குடிப்பதில்லை என்றும் அபூ மிஹ்ஜன் உறுதி கூறினார்.

பலமுறை வாங்கிய அடி செய்யாததை, அவர் மீது வைத்த நம்பிக்கை செய்தது! படையெடுப்பில் இருக்கும்போது எவருக்கும் ஹத்துத் தண்டனை நிறைவேற்ற வேண்டாம், ஷைத்தான் அவரைத் தூண்டி எதிரியிடம் சேர்த்து விடக்கூடும் என்று உமர் (ரலி) தளபதிகளுக்கு எழுதியதாகவும் அறிவிப்பு உண்டு. குற்றம் குற்றமே. ஆனால் ஆள் கைநழுவிப் போய்விடக் கூடாது. குடித்ததற்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவரைச் சபித்தவர்களிடம், உங்கள் சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததும் புகாரியில் உள்ளதே.

தாய்மார்களே, சகோதரிகளே! விடுமுறையில் வரும் மகனோ கணவரோ குடிப்பது தெரிந்தால், தெருவறியத் தூற்றாதீர்கள். மறைத்து மூடியும் வைக்காதீர்கள். பணியில் இருப்பவர் மருத்துவரிடம் சொல்லவே அஞ்சுவார். மருத்துவத் தகுதி குறைந்தால் பதவி உயர்வு போய்விடுமே என்ற பயம். நோய் முற்றி, பணியில் பிடிபட்டு இழப்பதைவிட, முதலிலேயே இராணுவ மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் செல்வது மேல் என்று எடுத்துச் சொல்லுங்கள். ஓய்வு பெற்றோருக்கு 2003 ஏப்ரல் முதல் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் இருக்கிறது.

இன்னொரு முக்கியமான செய்தி. பல்லாண்டு கடுமையாகக் குடித்தவர் ரமழான் முதல் பிறையில் தவ்பாச் செய்து திடீரென நிறுத்துவார். இரண்டு மூன்று நாட்களில் கை நடுங்கும், வலிப்பு வரும், இல்லாததைக் கண்டு அலறுவார். ஜின் பிடித்து விட்டது என்று ஓதிப் பார்க்க அழைத்து வருகின்றனர். நான் ஓதுவேன். ஆனால் முதலில் ஆட்டோவை மருத்துவமனைக்குத் திருப்பச் சொல்வேன். மதுவை நிறுத்தும்போது ஏற்படும் இந்நிலை உயிரையே பறிக்கக்கூடியது. தவ்பா உடனே செய்ய வேண்டியது. உடலை மதுவிலிருந்து விடுவிப்பது மருத்துவர் கண்காணிப்பில் நடக்க வேண்டியது. இரண்டுக்கும் முரண்பாடில்லை.

இனி அந்தப் பெரியவருக்குச் சொன்ன விடை. மதுவின் தொடர்பில் பத்துப் பேரை நபி (ஸல்) அவர்கள் சபித்த ஹதீஸ் திர்மிதியில் உள்ளது. குடிப்பவரோடு அதைச் சுமப்பவரும், விற்பவரும், அதன் கிரயத்தை உண்பவரும் அப்பட்டியலில் உள்ளனர். கேன்டீன் பொருளை வெளியில் விற்பது அரசு விதிப்படியும் கூடாது. ஆகவே அந்தக் காசு ஹராம் என்றேன். "அப்படியானால் இத்தனை ஆண்டு வாங்கியது?" என்று அவர் கலங்கினார். அதைக் கணக்கிட்டு, நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்து விட்டுத் தவ்பாச் செய்யச் சொன்னேன். மறுவாரம் ஒரு தாளில் எழுதிய கணக்கோடு வந்தார். எங்கள் மஹல்லாவில் இரண்டு விதவைகளின் வீட்டு வாடகை பாக்கி அப்பணத்தில் தீர்ந்தது. இப்போது அவர் கேன்டீனுக்குப் போவது சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் மட்டுமே.