புதிய நெல் இரகமா? முதலில் ஐந்து சென்ட்டில் நட்டுப் பாருங்கள்

புதிய நெல் இரகம் வந்திருக்கிறது என்று விரிவாக்கப் பணியாளர் சொன்னவுடன் நிலம் முழுவதும் அதை நட்டுவிட எவரும் துணிவதில்லை. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஒரு போகம் தவறினால் வீட்டுச் சாப்பாட்டுக்கு நெல் இருக்காது. வாங்கிய கடனும் நிற்கும். எனவே இத்தயக்கத்தை அறியாமை என்று கூறுவது தவறு.

1966ஆம் ஆண்டு வெளிவந்த ஐ.ஆர். 8 கண்டுமுதலில் பழைய இரகங்களை வென்றது. ஆனால் அரிசி தடித்திருந்தது. சோறு ஆறினால் விறைத்தது. சந்தையில் விலையும் குறைந்தது. பின்னர் வந்த ஐ.ஆர். 20 சன்னமாக இருந்ததால் நம் உழவர்கள் அதை விரும்பி ஏற்றனர். மசூரியின் கதை இதற்கு நேர்மாறானது. மலேசியாவில் 1965இல் வெளியிடப்பட்ட இந்த இரகம், சாய்ந்துவிடுகிறது என்று இந்தியாவில் ஆராய்ச்சித் திடல்களில் ஒதுக்கப்பட்டது. ஆந்திராவில் பண்ணைத் தொழிலாளி ஒருவர் அதில் சிறிது விதையை எடுத்துச் சென்று பயிரிட, அது கைமாறிக் கைமாறி ஊர் ஊராகப் பரவியது. குறைந்த உரத்திலும் ஓரளவு விளைந்தது, சோறு நன்றாக இருந்தது. உழவருக்கு அது போதும். தமிழ்நாட்டில் நாம் பொன்னி என்பது இதைத்தான். இதிலிருந்து வந்த வெள்ளைப் பொன்னியை வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986இல் வெளியிட்டது.

ஆகவே உங்கள் நிலத்திலேயே சோதித்துப் பாருங்கள். மத்தியகால இரகமானால் ஐந்து சென்ட் நடவுக்கு ஒரு கிலோ விதை தாராளம். பழைய இரகத்திற்குப் பக்கத்திலேயே, அதே நாளில், அதே வயதுடைய நாற்றை நடுங்கள். உரமும் நீரும் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். புதியதற்கு மட்டும் கூடுதலாக யூரியா இட்டுவிட்டு, "அருமையாக விளைந்தது" என்பதில் பயனில்லை! அறுவடையில் இரண்டிலும் சம அளவு இடத்தைத் தனித்தனியே அறுத்து, காயவைத்து எடை போடுங்கள். வைக்கோலை மாடு தின்கிறதா என்று கவனியுங்கள். சோறு எப்படி என்பதை வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். அவர்கள் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை.

செயல்விளக்கத் திடலைப் பற்றியும் ஒரு சொல். பம்புசெட்டும் வண்டி வண்டியாய்த் தொழுவுரமும் உள்ள பெரிய பண்ணையில் அமைத்தால், பார்க்க வருபவர் "அவருக்கு விளையும், நமக்கு ஆகுமா?" என்று திரும்பிவிடுகிறார். பாதையோரம் உள்ள சிறு விவசாயியின் வயலில் அமைக்கும்படி விரிவாக்கப் பணியாளரிடம் நீங்களே கேட்கலாம். பயிர் சாய்ந்தாலும் பூச்சி தின்றாலும் அதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இரகம் பிடித்துவிட்டால் அடுத்த போகத்துக்கு விதை எடுக்க வேண்டும். நெல் தன் மகரந்தச் சேர்க்கைப் பயிராதலால் இது கடினமன்று. பூக்கும் தருணத்தில் உயரத்திலும் கதிரிலும் மாறுபட்ட கலவன்களைப் பிடுங்கி எறியுங்கள். பக்கத்து இரகத்திலிருந்து மூன்று மீட்டர் தள்ளி, நடுவயலில் உள்ள கதிரையே விதைக்கு அறுங்கள். களத்தை நன்றாகக் கூட்டிய பிறகே அடியுங்கள். கலப்பு பெரும்பாலும் களத்தில்தான் நேர்கிறது. ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு மேற்படாமல் காயவைத்து, புதுச் சாக்கில் இரகப் பெயர் எழுதிக் கட்டுங்கள். அண்டை வீட்டார் விதை கேட்டு வந்தால், அந்தச் சாக்கிலிருந்தே ஒரு மரக்கால் அளந்து கொடுங்கள்.