துயருறுவோர் பேறுபெற்றோரா?



மார்ச் 20 ஆம் நாளை உலக மகிழ்ச்சி நாளாகக் கடைப்பிடிக்க ஐ.நா. பொதுப்பேரவை 2012 இல் தீர்மானித்தது. மகிழ்ச்சி என்றால் என்ன என்ற கேள்வியோ மிகப் பழமையானது. பல துறை அறிஞர்களும் இதற்கு விடை தேடியிருக்கிறார்கள்.

மகிழ்ச்சி வந்துபோகும் உணர்வு அன்று, நற்பண்போடு வாழும் முழு வாழ்வே அது என்றார் கிரேக்க மெய்யியலாளர் அரிஸ்டாட்டில். 1978 இல் அமெரிக்காவில் வெளியான உளவியல் ஆய்வு ஒன்று, லாட்டரியில் பெரும்பரிசு பெற்ற 22 பேரை மற்றவர்களோடு ஒப்பிட்டது. பரிசு பெற்றவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடும்படி மகிழ்ச்சியாக இல்லை. நண்பரோடு பேசுவது, காலை உணவு உண்பது போன்ற அன்றாட இன்பங்கள்கூட அவர்களுக்குச் சுவை குறைந்திருந்தன. 1938 இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் தொடங்கிய நீண்டகால ஆய்வோ, பணமும் புகழும் அல்ல, நல்ல உறவுகளே மனிதரை மகிழ்வோடும் நலத்தோடும் வாழவைக்கின்றன என்று காட்டுகிறது.

13 ஆம் நூற்றாண்டிலேயே புனித தாமஸ் அக்குவினாஸ் செல்வம், மதிப்பு, புகழ், அதிகாரம், இன்பம் என ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். இவற்றில் எதுவும் மனித உள்ளத்தை நிறைவுசெய்யாது, இறைவன் ஒருவரே அதன் நிறைவு என்று கண்டார்.

இவை யாவும் உண்மையே. ஆனால், அந்த நல்ல உறவையே சாவில் இழந்தவருக்கு என்ன பதில்? கணவரை இழந்த பெண்ணிடமும் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரிடமும், "விசுவாசம் இருந்தால் அழக்கூடாது" என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். ஆண்டவர் இயேசு அப்படிச் சொல்லவில்லை. மலைப்பொழிவில் (மத் 5:3-12) துயருறுவோரையும் பேறுபெற்றோர் வரிசையில் சேர்த்தார். துயரம் நல்லது என்பதற்காக அல்ல, இறைவனே அவர்களைத் தேற்றுவார் என்பதற்காக. இலாசரின் கல்லறையருகே அவரும் கண்ணீர் விட்டார் (யோவா 11:35). எனவே, கண்ணீர் விசுவாசக் குறைவு அன்று. அழுகிற நேரத்திலும் ஒருவர் இறைவனுக்கு உரியவராகவே இருக்கிறார். பேறு என்பது இதுவே.

இறைவனின் ஆறுதல் பெரும்பாலும் மனிதர் வழியாகவே வந்து சேர்கிறது. இறப்பு நிகழ்ந்த வீட்டில் 30 ஆம் நாள் திருப்பலி முடிந்ததும் வருவோர் குறைந்துவிடுகின்றனர். தனிமை அப்போதுதான் தொடங்குகிறது. இந்த ஞாயிறு திருப்பலிக்குப் பின் அத்தகைய ஒரு வீட்டுக்குச் செல்வோம். அறிவுரை கூறாமல், சற்றுநேரம் உடனிருப்போம். மகிழ்ச்சியைத் தேடி அலைகிற நமக்கும் அங்கே அது கிடைக்கும்.

இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!