மருத்துவச் சந்தை – 12: கத்தி பிடிக்கும் கைக்குக் கம்பெனிச் சம்பளம்

சென்ற வாரம், இதய ரத்தக் குழாய்க்குள் வைக்கும் ஸ்டென்டின் விலை படிப்படியாக ஏறிய கதையைப் பார்த்தோம். இறக்குமதி செய்தவர், விநியோகஸ்தர், மருத்துவமனை என ஒவ்வொருவரும் தன் பங்கை ஏற்றினார்கள். மொத்தத்தையும் நோயாளி கட்டினார். அதில் ஒரு கேள்வியைத் தொடாமல் விட்டிருந்தோம். சந்தையில் பல கம்பெனிகளின் சரக்கு இருக்கும்போது, நம் உடம்புக்குள் போவது எந்தக் கம்பெனியுடையது என்று முடிவெடுப்பவர் யார்? எதை வைத்து முடிவெடுக்கிறார்?

இதற்கு ஆவணங்களோடு பதில் கிடைத்த ஊர் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள வார்சா. போலந்தின் தலைநகருக்கும் இதற்கும் பெயர் ஒற்றுமை மட்டும்தான். இங்கே மக்கள்தொகை 15,000 சொச்சம். 1895-ல் டிப்யூ என்பவர் எலும்பு முறிவுக்கு வைத்துக் கட்டும் சிம்புகளைத் தயாரிக்கும் கம்பெனியை இங்கே தொடங்கினார். அவரிடம் விற்பனையாளராக இருந்த ஜிம்மர் 1927-ல் பிரிந்து தனிக் கம்பெனி கண்டார். 1977-ல் பயோமெட் வந்தது. இந்தச் சிற்றூருக்கு ‘உலகின் எலும்பியல் தலைநகர்’ என்றே பெயர். நம் ஊரில் மூட்டு மாற்று சிகிச்சை செய்துகொண்ட பலரின் காலுக்குள்ளும் இந்தக் கம்பெனிகளின் உலோகம் இருக்கிறது.

2007 செப்டம்பர் 27 அன்று நியூஜெர்சியின் மத்திய அரசு வழக்கறிஞர் கிறிஸ் கிறிஸ்டி ஓர் உடன்பாட்டை அறிவித்தார். அமெரிக்காவின் இடுப்பு, முழங்கால் மூட்டுச் சந்தையில் ஏறத்தாழ 95 சதவிகிதத்தைக் கையில் வைத்திருந்த ஐந்து கம்பெனிகளும் அதில் சிக்கியிருந்தன. நான்கு கம்பெனிகள் சேர்ந்து ஏறத்தாழ 31 கோடி டாலர் கட்டின. ஜிம்மர் 16.95 கோடி, டிப்யூ 8.47 கோடி, ஸ்மித் அண்ட் நெஃப்யூ 2.89 கோடி, பயோமெட் 2.69 கோடி. ஐந்தாவதான ஸ்ட்ரைக்கர் முதலிலேயே ஒத்துழைத்ததால் அபராதம் இல்லை. கண்காணிப்புக்கு மட்டும் உட்பட்டது.

குற்றச்சாட்டு இதுதான். 2002 முதல் 2006 வரை அறுவை மருத்துவர்களை ‘ஆலோசகர்’ என்று நியமித்து, ஆண்டுக்குப் பல்லாயிரம் டாலரிலிருந்து பல லட்சம் டாலர் வரை கொடுத்திருக்கிறார்கள். பலர் அதற்கு வேலை எதுவும் செய்யவில்லை. செய்தவர்களும் பேருக்குத்தான் செய்தார்கள். பதிலுக்கு அவர்கள் செய்ய வேண்டியது, அந்தக் கம்பெனியின் மூட்டையே நோயாளிகளுக்குப் பொருத்துவது. 2008-ல் அமெரிக்க செனட் குழு முன் ஓர் அரசு அதிகாரி சொன்ன கணக்கு இன்னும் பெரியது: இதே ஆண்டுகளில் நான்கு கம்பெனிகள் ஏறக்குறைய 6,500 ஒப்பந்தங்களின் கீழ் 80 கோடி டாலருக்கு மேல் மருத்துவர்களுக்குக் கொடுத்திருந்தன. அத்தனையும் லஞ்சம் அல்ல. உண்மையான வேலைக்கான கூலியும் அதில் இருந்தது. எது கூலி, எது கைமாறு என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி இரண்டும் ஒரே கணக்கில் கலந்து கிடந்ததுதான் பிரச்னை.

ஒரு சர்ஜனின் மதிப்பு

ஒரு மருத்துவருக்காக ஏன் இவ்வளவு செலவழிக்கிறார்கள்? மூட்டு மாற்று சிகிச்சை நடக்கும் ஆபரேஷன் தியேட்டருக்குள் போனால் புரியும். சர்ஜன், மயக்க மருந்து நிபுணர், நர்ஸ்கள் தவிர இன்னொருவரும் அங்கே நிற்பது வழக்கம். அவர் கம்பெனி ஆள். எலும்பை எந்தக் கோணத்தில் அறுப்பது என்று காட்டும் கருவிகள், சைஸ் பார்க்கப் போட்டுக் கழற்றும் மாதிரி மூட்டுகள் எல்லாம் அடுக்கிய ஸ்டீல் ட்ரேக்கள் அவருடைய கம்பெனியிலிருந்துதான் வருகின்றன. ஒரு கம்பெனியின் ட்ரே பொதுவாக இன்னொரு கம்பெனியின் மூட்டுக்கு உதவாது. சர்ஜன் கையை நீட்டுவதற்குள் அடுத்து எந்தக் கருவி வேண்டும் என்று நர்ஸுக்குச் சொல்பவரும் பல இடங்களில் அவரே.

ஒரு செட்டில் கை பழகிய சர்ஜன் லேசில் மாற மாட்டார். மாறினால் எல்லாவற்றையும் புதிதாகப் பழக வேண்டும். ஆகவே ஒரு சர்ஜனைப் பிடித்துவிட்டால், அடுத்த பல ஆண்டுகளுக்கு அவர் செய்யும் ஆபரேஷன்கள் எல்லாம் அந்தக் கம்பெனிக்குத்தான். விற்பனைப் பிரிவுக்கு இது தெரியும். நோயாளிக்குத்தான் தெரியாது. நோயாளி தேர்ந்தெடுப்பதில்லை. தேர்ந்தெடுக்கும் மருத்துவர் பணம் கட்டுவதில்லை. பணம் கட்டும் காப்பீட்டு நிறுவனமோ அரசோ தியேட்டருக்குள் இல்லை. இந்த இடைவெளியில்தான் லஞ்சம் குடியேறுகிறது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மருத்துவர்கள் கம்பெனிகளோடு சேர்ந்து வேலை செய்யவே கூடாது என்று சொல்ல முடியாது. இன்றைய இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சைக்கு அடித்தளம் போட்டவர் ஜான் சார்ன்லி. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் 1960-களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கிய மூட்டைத் தயாரித்துக் கொடுத்தது லீட்ஸ் நகரின் தாக்ரே கம்பெனி. அறுவை மருத்துவரின் அனுபவமும் பொறியாளரின் பட்டறையும் சேராமல் அது நடந்திருக்காது. இப்படி உண்மையான ஆலோசனை என்று ஒன்று இருப்பதால்தான், பொய்யான ஆலோசனை அதன் பெயரில் ஒளிந்துகொள்ள முடிகிறது.

கவரில் வராத பணம்

லஞ்சம் என்றதும் மேசைக்கடியில் கைமாறும் கவர்தான் நம் நினைவுக்கு வருகிறது. இந்தத் தொழிலில் பெரும்பாலும் அது ஒப்பந்தமும் கையெழுத்தும் ரசீதுமாக வருகிறது.

உடம்புக்குள் பார்க்கும் எண்டோஸ்கோப் கருவியை விற்கும் ஒலிம்பஸ் கம்பெனியின் அமெரிக்கப் பிரிவு, 2016 மார்ச்சில் 62.32 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. கைமாறுத் தடைச் சட்டத்தில் அதுவரை ஒரு மருத்துவக் கருவிக் கம்பெனி கட்டிய மிகப் பெரிய தொகை அது. அரசு வெளியிட்ட உதாரணங்களைப் பாருங்கள். ஒரு மருத்துவமனைக்கு 5,000 டாலர் மானியம் கொடுத்து 7,50,000 டாலர் வியாபாரத்தை முடித்திருக்கிறார்கள். இன்னொரு மருத்துவமனைக்கு 50,000 டாலர் ஆராய்ச்சி மானியத்தை, அது கருவி வாங்கக் கையெழுத்துப் போடும்வரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். போட்டிக் கம்பெனியை விட்டு ஒரு மருத்துவமனை தங்களிடம் மாறியதற்காக அதன் மூன்று மருத்துவர்களை ஜப்பானுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். நியூயார்க்கில் கொள்முதலில் செல்வாக்குள்ள ஒரு மருத்துவரின் சொந்த கிளினிக்குக்கு 4,00,000 டாலர் மதிப்புள்ள கருவிகளை இலவசமாகப் பயன்படுத்தக் கொடுத்திருக்கிறார்கள். இப்படிப் பிடித்த வியாபாரம் 60 கோடி டாலருக்கு மேல். விஷயத்தை வெளியே கொண்டுவந்தவர், விதிமீறல்களைக் கவனிக்க அந்தக் கம்பெனியே நியமித்த தலைமை அதிகாரி.

கிரீஸில் அரசு மருத்துவமனை சர்ஜன்களுக்குப் பணம் போன விவகாரத்தில் ஜான்சன் அண்ட் ஜான்சன், வேறு சில நாடுகளில் நடந்த முறைகேடுகளையும் சேர்த்து, 2011-ல் அமெரிக்க அரசுக்கு 7 கோடி டாலர் கட்டியது. அதே கிரீஸ் தொடர்பாக அடுத்த ஆண்டு ஸ்மித் அண்ட் நெஃப்யூ 2.22 கோடி டாலர் கட்டியது. அங்கே பணம் நேராகப் போகவில்லை. விநியோகஸ்தரின் பெயர்ப்பலகைக் கம்பெனிகள் வழியாகச் சுற்றிப் போனது. மெக்ஸிகோவில் ஆர்த்தோஃபிக்ஸ் கம்பெனியின் கிளை, அரசு சமூகக் காப்பீட்டு அதிகாரிகளுக்குக் கொடுத்த லஞ்சத்தை ஊழியர்கள் ‘சாக்லேட்’ என்று அழைத்தார்கள். கணக்குப் புத்தகத்தில் அது சாப்பாட்டுச் செலவாகவும் கார் டயர் வாங்கிய செலவாகவும் ஏறியது.

பெயர் எதுவானாலும் இந்தப் பணம் கம்பெனி முதலாளியின் பையிலிருந்து போவதில்லை. கருவியின் விலையில் ஏறுகிறது. விலை மருத்துவமனை பில்லில் ஏறுகிறது. காசு மட்டும் போனால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். எனக்குப் பொருத்தியது எனக்கு ஏற்றதா, மருத்துவருக்கு லாபமானதா என்ற சந்தேகத்தோடு ஒரு நோயாளி வாழ்நாள் முழுக்க நடக்க வேண்டியிருப்பதை எந்த அபராதமும் ஈடுகட்டாது.

பட்டியலில் பெயர்

2007 உடன்பாட்டில் எந்த மருத்துவர்மீதும் வழக்கு இல்லை. கம்பெனிகள்மீதான வழக்கும் 18 மாதக் கண்காணிப்புக்குப் பின் கைவிடப்பட்டது. ஆனால் ஒரு நிபந்தனை மட்டும் ஆழமாக வேலை செய்தது. எந்த மருத்துவருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் பெயரோடு வெளியிட வேண்டும் என்பது அது. இதையே நாடு முழுவதற்கும் சட்டமாக்கக் குடியரசுக் கட்சியின் கிராஸ்லியும் ஜனநாயகக் கட்சியின் கோலும் செனட்டில் சேர்ந்து முயன்றார்கள். 2010-ல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தோடு அது நிறைவேறியது. 2014 முதல் அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் தன் மருத்துவரின் பெயரைத் தட்டி, எந்தக் கம்பெனி அவருக்கு என்ன கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது என்று பார்க்கலாம். அதனால் பணம் போவது நின்றுவிடவில்லை. ஆனால் நோயாளியும் பத்திரிகையாளரும் மருத்துவமனை நிர்வாகமும் கேள்வி கேட்கக் கையில் ஓர் ஆதாரம் கிடைத்தது. ஒளித்து வாங்கியது ஊரறிய வாங்கியதாக ஆனது.

நம் நாட்டுக்கு வருவோம். 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் முழங்கால் மூட்டுக்கு உச்சவரம்பு விதித்தது. சராசரியாக ரூ.1,58,324 என்று அச்சிட்டிருந்த கோபால்ட்-குரோமியம் மூட்டுக்கு ரூ.54,720 போதும் என்றது. மூன்றில் இரண்டு பங்கு விலையைக் குறைத்த பிறகும் கம்பெனிகள் விற்கத்தான் செய்கின்றன. அப்படியானால் அந்தக் கூடுதல் பணம் யார் யாருக்குப் பிரிந்து போனது? ஒரு பதில் அமெரிக்காவிலிருந்து வந்தது. 2018 செப்டம்பரில் அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையம், இந்தியா, சீனா, குவைத் கிளைகளின் கணக்குக் குறைபாடுகளுக்காக ஸ்ட்ரைக்கருக்கு 78 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. சில தனியார் மருத்துவமனைகள் கேட்டுக்கொண்டதால் இந்திய டீலர்கள் விலையை ஏற்றி பில் போட்டுக் கொடுத்தார்கள், அந்தக் கூடுதல் விலையை நோயாளியிடமோ காப்பீட்டிலோ மருத்துவமனைகள் வாங்கிக்கொள்ள முடிந்தது என்கிறது ஆணையத்தின் உத்தரவு. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் கம்பெனி பணத்தைக் கட்டியது. இந்திய நோயாளிக்கு நடந்ததற்கு அபராதம் வாஷிங்டனில் வசூலானது. நோயாளிக்கு ஒரு பைசா திரும்பவில்லை.

நம்மிடம் விதி இல்லாமல் இல்லை. கம்பெனிகளிடம் பரிசு, பயணம், பணம் வாங்கக் கூடாது என்று 2009-லேயே இந்திய மருத்துவக் கவுன்சில் விதி போட்டது. ஆனால் அது மருத்துவரைத்தான் கட்டுப்படுத்தும். மருத்துவமனை நிறுவனத்தையோ கொடுக்கும் கம்பெனியையோ தொடாது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன அபெக்ஸ் லேபரட்டரீஸ் வழக்கில், மருத்துவர்களுக்குத் தரும் இலவசங்களைத் தொழில் செலவாகக் காட்டி வரிச்சலுகை கேட்க முடியாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் செலவு மருந்தின் விலையில் ஏறி நோயாளி தலையில்தான் விடிகிறது என்றும் சொன்னது. அது மருந்துக் கம்பெனி வழக்கு என்றாலும் நியாயம் ஒன்றுதான். மருத்துவக் கருவிகளுக்கென மத்திய அரசு 2024-ல் தனி நடத்தை விதிமுறை வெளியிட்டது. புகாரை விசாரிக்கும் பொறுப்பு அதில் கம்பெனிகளின் சொந்தச் சங்கங்களிடம் இருக்கிறது. மருத்துவர் பெயரோடு பொதுமக்கள் தேடிப் பார்க்கும் பட்டியல் இல்லை. மருந்து விற்பனைக்கான இதேபோன்ற விதிமுறையைச் சட்டமாக்குங்கள் என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்கள் யார் தெரியுமா? மருத்துவ விற்பனைப் பிரதிநிதிகளின் சங்கம். பையில் பரிசைச் சுமந்து போகிறவர்களே போதும் என்கிறார்கள்.

கேட்க வேண்டியது ஒன்றுதான். மருத்துவருக்கோ மருத்துவமனைக்கோ கருவிக் கம்பெனியும் டீலரும் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும், பெயரோடும் காரணத்தோடும், அரசு இணையதளத்தில் ஆண்டுதோறும் வெளியாக வேண்டும். வெளியிடாவிட்டால் தண்டனை வேண்டும். உண்மையாக ஆலோசனை சொல்லும் மருத்துவருக்கு இதில் அச்சம் இல்லை. அவருடைய நற்பெயரை இது காப்பாற்றவே செய்யும். சட்டம் வரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. மூட்டின் பிராண்ட், தயாரிப்பாளர், பேட்ச் எண், விலை ஆகியவற்றை பில்லில் தனியாகக் காட்ட வேண்டும் என்பது விலை ஆணையத்தின் உத்தரவு. கேட்டு வாங்குங்கள். மூட்டோடு வரும் ஸ்டிக்கரின் பிரதியை டிஸ்சார்ஜ் காகிதத்தோடு பத்திரப்படுத்துங்கள். ‘இந்தக் கம்பெனியின் மூட்டு எனக்கு ஏன்?’ என்று ஆபரேஷனுக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார். உட்காரவைத்துக் காரணம் சொல்வார்.

அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தும் கருவியும் வாங்க 1994-ல் தமிழ்நாடு ஒரு கழகத்தைத் தொடங்கியது. பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் போன அந்த டெண்டர் முறை எதைத் தடுத்தது, எதைத் தடுக்கவில்லை என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)