குண்டூரின் மறுநாள் காலை

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 18 நெருங்கும்போது, நாளிதழ்களின் 'வரலாற்றில் இன்று' பகுதியில் ஒரு வரி தவறாமல் இடம்பெறுகிறது: 1868-ஆம் ஆண்டின் இந்த நாளில், குண்டூரில், முழுச் சூரிய கிரகணத்தின்போது, பிரெஞ்சு வானியலாளர் ஜூல்ஸ் ஜான்சென் ஹீலியத்தைக் கண்டுபிடித்தார் என்பது அந்த வரி. அதில் ஊர் சரி, ஆள் சரி, கிரகணமும் சரி. வினைச்சொல் மட்டும் சரியல்ல. அன்று சூரியனின் விளிம்பில் மஞ்சள் நிறக் கோடு ஒன்றைப் பலர் பல இடங்களிலிருந்து பார்த்தார்கள் என்பது உண்மை. அது புதிய தனிமத்தின் கையெழுத்து என்று அவர்களில் ஒருவரும் அறிவிக்கவில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை. அந்த நாளின் பெருமையைக் குறைப்பதற்காக இதைச் சொல்ல வேண்டியதில்லை. குண்டூரில் நிகழ்ந்த மெய்யான அற்புதம் கிரகணம் முடிந்த மறுநாள் காலையில், முழு வெயிலில் நிகழ்ந்தது என்பதையும், ஹீலியத்தை அடையாளம் காண உதவியது இருட்டைவிட வெளிச்சமே என்பதையும் இந்த ஒற்றை வரி மறைத்துவிடுகிறது என்பதற்காகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏடன் வழியாக வந்த நிலவின் நிழல், இந்தியாவின் மேற்குக் கரையில் ஏறி, தக்காணத்தைக் குறுக்கே கடந்து, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூர், மசூலிப்பட்டினம் ஆகிய ஊர்களின் மீது ஊர்ந்து, வங்கக் கடலைத் தாண்டி சயாமுக்குச் சென்றது. குண்டூரில் ஜான்செனும் ஆங்கிலேயப் படை அதிகாரியான டென்னன்டும், ஜம்கண்டியில் புகழ்பெற்ற ஹெர்ஷல் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறையினரான ஜான் ஹெர்ஷலும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானோக்ககத்தின் தலைவர் நார்மன் போக்சனும், வனபர்த்தியில் அதே நோக்ககத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரியும் கருவிகளுடன் காத்திருந்தார்கள். சயாமில் கிரகணத்தின் நேரத்தைத் தாமே கணித்து, விருந்தினரை அழைத்துச் சென்று காட்டிய மன்னர் மோங்குட், அங்கிருந்த சதுப்பு நிலத்தில் பற்றிய மலேரியாவால் சில வாரங்களில் இறந்தார். எல்லோரின் கேள்வியும் ஏறத்தாழ ஒன்றுதான்: கிரகணத்தின்போது நிலவின் கரிய வட்டத்தைச் சுற்றி எழுந்து நிற்கும் செந்நிறச் சுடர்கள், அதாவது சூரியப் பிழம்புகள், எதனால் ஆனவை? அவை நிலவுக்கு உரியவை அல்ல, சூரியனுக்கே உரியவை என்பது 1860-இல் ஸ்பெயினில் தெரிந்த கிரகணத்தின் ஒளிப்படங்களால் முடிவாகியிருந்தது. ஒளியைப் பிரித்துப் பொருளை அறியும் நிறமாலைமானி என்னும் கருவியும் அதற்குள் வேதியியலாளரின் கைக்கு வந்துவிட்டது. எனவே 1868-இல் விடை சில நொடிகளிலேயே கிடைத்தது: பிழம்பின் ஒளி தொடர்ச்சியான வண்ணப் பட்டையாக இல்லாமல் தனித்தனி ஒளிக்கோடுகளாக இருந்தது, ஆகவே பிழம்பு என்பது எரிவெப்பத்தில் ஒளிரும் வாயு, பெரும்பாலும் ஹைட்ரஜன்.

ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல் நீடித்த அந்த இருளில் ஜான்செனை வியக்கவைத்தது கோடுகளின் பிரகாசம். இவ்வளவு பிரகாசமான கோடுகளைப் பார்க்க கிரகணம் எதற்கு என்ற எண்ணம் அவருக்கு அப்போதே தோன்றியது. ஆகஸ்ட் 19 அதிகாலையில், எழுந்துவரும் சூரியனின் விளிம்பை ஒட்டிக் கருவியின் பிளவை வைத்தார். முந்தைய நாள் கண்ட கோடுகள் பகல் வெளிச்சத்திலேயே தெரிந்தன. அடுத்து வந்த நாட்களிலும், மொத்தம் 17 நாட்கள், குண்டூரிலேயே தங்கி, பிழம்புகள் வளர்வதையும் சிதைவதையும் வரைந்துகொண்டிருந்தார். அதுவரை ஒரு தலைமுறைக்குச் சில நிமிடங்கள் மட்டுமே காணக்கிடைத்த ஒன்று, அந்தக் காலை முதல், மேகம் இல்லாத எந்த நாளிலும் பார்க்கக்கூடியதாயிற்று.

இது எப்படி இயன்றது என்பதே இந்த வரலாற்றின் மிக அழகான பகுதி. பிழம்பு பகலிலும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அதன் ஒளி குறைவதுமில்லை. நம் காற்று மண்டலம் சிதறடிக்கும் சூரிய ஒளி, சூரியனைச் சுற்றிக் கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சமாகப் பரவியிருப்பதால், அந்த வெளிச்சத்தில் பிழம்பு மூழ்கிவிடுகிறது. நிறமாலைமானியின் வாயிலில் உள்ள மெல்லிய பிளவுக்குள் இந்த வானொளியும் பிழம்பின் ஒளியும் கலந்தே நுழைகின்றன. வானொளியில் எல்லா அலைநீளங்களும் உண்டு. எனவே முப்பட்டகம் அதை ஊதாவிலிருந்து சிவப்பு வரை நீண்ட பட்டையாக விரிக்கும்போது, அதே ஒளி பெரிய பரப்பில் பங்கிடப்பட்டு ஒவ்வோர் இடத்திலும் மங்கிப்போகிறது. பிழம்பின் ஒளியோ விரல்விட்டு எண்ணக்கூடிய சில அலைநீளங்களில் மட்டுமே இருப்பதால் அதற்கு விரிய வழியில்லை. ஒவ்வோர் அலைநீளமும் பிளவின் வடிவத்தில் ஒரு கோடாக விழுந்து நிற்கிறது. முப்பட்டகம் அந்தக் கோட்டை இடம் மாற்றலாம், நீர்த்துப்போகச் செய்ய முடியாது. இரண்டாவது முப்பட்டகத்தைச் சேர்த்துப் பட்டையை இருமடங்கு நீட்டினால், வானொளி பாதியாக மங்கும். கோடு அப்படியே இருக்கும். கண்ணுக்குத் தெரியும் நிறமாலையை 3,000 சம கீற்றுகளாகப் பிரிக்கும் ஒரு கருவியை எண்ணிக்கொண்டால், ஒவ்வொரு கீற்றுக்கும் வானொளியில் சராசரியாக 3,000-இல் ஒரு பங்குதான் கிடைக்கும். பிழம்பின் சிவப்புக் கோடோ தன் ஒளி முழுவதையும் ஒரே கீற்றில் கொட்டுகிறது.

சமையலறையில் இதற்கு நேரான காட்சி ஒன்று உண்டு. கரண்டி நிறைய தோசை மாவு, அதற்குள் ஒற்றை மிளகு. கரண்டியில் இருக்கும்வரை மிளகு கண்ணில் படாது. கல்லில் ஊற்றி வட்டமாக இழுக்க இழுக்க மாவு மெலிந்துகொண்டே போக, மிளகு தன் பருமன் குறையாமல் மேலே துருத்திக்கொண்டு தெரிகிறது. மாவைக் குறைக்கவும் இல்லை, மிளகைப் பெரிதாக்கவும் இல்லை. பரப்பியது ஒன்றுதான் செய்த வேலை. ஜான்செனுக்கு முன்பு வில்லியம் ஹக்கின்ஸ் போன்றோர் வண்ணக் கண்ணாடிகளை வைத்துப் பிழம்பைப் பகலில் பார்க்க முயன்று தோற்றதற்கும் இதிலேயே விளக்கம் இருக்கிறது: வண்ணக் கண்ணாடி வானொளியில் ஒரு பகுதியைக் கழித்துவிட்டு மிச்சத்தை அப்படியே குவியலாக விட்டுவிடுகிறது; அது பாதி மாவை வடித்துக் கொட்டிவிட்டு மீதியைக் கரண்டியிலேயே வைத்துக்கொண்டு மிளகைத் தேடுவதற்கு ஒப்பாகும். இன்னும் ஒரு படி போகலாம். நன்றாகப் புளித்த மாவில் வார்த்த தோசையில் துளைகள் விழுவதுபோல, சூரிய ஒளியின் பட்டையிலும் கரிய இடைவெளிகள் உண்டு. சூரியனின் மேல் அடுக்கில் உள்ள தனிமங்கள் தமக்குரிய அலைநீளங்களை விழுங்கிவிடுவதால் உண்டாகும் ஃபிரான்ஹோஃபர் கோடுகள் அவை. சிதறிய வானொளியும் சூரிய ஒளியே என்பதால் அதிலும் அதே துளைகள் அதே இடங்களில் இருக்கின்றன. ஹைட்ரஜனின் சிவப்பு மிளகு, ஹைட்ரஜன் உண்டாக்கிய துளையிலேயே போய் விழுகிறது. சுற்றிலும் மாவு, நடுவே வெற்றிடம், வெற்றிடத்தில் மிளகு. அது பளிச்சென்று தெரிந்ததில் வியப்பில்லை.

இந்தத் தோசைதான் ஹீலியத்தின் நாளையும் தீர்மானிக்கிறது. கிரகணத்தின்போது வானொளி அநேகமாக இல்லை. அதாவது கல்லில் மாவே இல்லை, மிளகுகள் மட்டும் கிடக்கின்றன. அவை நன்றாகத் தெரியும். ஆனால் எந்த இடத்தில் கிடக்கின்றன என்று அளந்து சொல்லத் துளைகள் இல்லை. கருவியின் அளவுகோலை மட்டும் நம்பி, ஐந்து நிமிடப் பதற்றத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். சோடியம் தரும் 'டி' என்ற இரட்டைக் கோடுகள் 589.0, 589.6 நானோமீட்டரில் இருக்கின்றன. பிழம்பின் மஞ்சள் கோடு இருப்பது 587.6-இல். (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.) மஞ்சள் என்றதும் சோடியத்தை நினைப்பதே அன்றைய நிறமாலையியலில் இயல்பு. 'டி' அல்லது அதற்கு அருகில் என்று போக்சன் பதிவு செய்ததே அந்த நிலையில் எவரும் நேர்மையாகச் செய்திருக்கக்கூடிய அதிகபட்சம் எனலாம். பகல் வெளிச்சத்திலோ, வானொளியின் பட்டையில் சோடியத்தின் இரு கரிய துளைகள் எப்போதும் இருக்கின்றன. மஞ்சள் மிளகு அந்த இரண்டிலும் விழாமல் சற்றுத் தள்ளி விழுந்திருந்தால், அளவுகோல் கூடத் தேவையில்லை, கண்ணே சொல்லிவிடும்.

அதைக் கண்டு சொன்னவர், கிரகணத்தைப் பார்க்கவே வராத ஒருவர். லண்டனில் போர்த்துறை அலுவலகத்தில் எழுத்தராக இருந்த நார்மன் லாக்யர், இதே முறையை 1866-லேயே சிந்தித்திருந்தும், போதிய ஆற்றல் உள்ள கருவி செய்து முடிக்கப்படுவதற்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. 1868 அக்டோபர் 20 அன்று அவர் மூன்று கோடுகளைக் கண்டார்: ஒன்று ஹைட்ரஜனின் சிவப்புத் துளையில் மிகச் சரியாகப் பொருந்தியது, ஒன்று அதன் நீலத் துளையில் ஏறத்தாழப் பொருந்தியது, மூன்றாவது 'டி'க்கு அருகில் எதிலும் பொருந்தாமல் நின்றது. அந்தக் கோடே பின்னர் 'டி3' எனப் பெயர் பெற்றது. குண்டூரிலிருந்து சென்ற ஜான்செனின் செய்தியும் லாக்யரின் செய்தியும் பாரிஸ் அறிவியல் கழகத்தில் அக்டோபர் 26 அன்று ஒரே அமர்வில் படிக்கப்பட்டன. பிரெஞ்சு அரசு இருவரின் முகங்களையும் ஒரே பதக்கத்தில் பொறித்தது. அந்தப் பதக்கம் பகலில் பிழம்பைக் காணும் முறைக்காக வழங்கப்பட்டது, ஹீலியத்துக்காக அல்ல. ஹைட்ரஜனை எந்த அழுத்தத்தில், எந்த வெப்பத்தில் வைத்தாலும் அந்த மஞ்சள் கோடு வரவில்லை என்பதை லாக்யர், வேதியியலாளர் எட்வர்ட் ஃபிராங்க்லாண்டுடன் சேர்ந்து ஆய்வகத்தில் சோதித்த பிறகே, சூரியனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஹீலியம் என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது; 1871-இல் வில்லியம் தாம்சன் தம் பிரிட்டிஷ் கழகத் தலைமையுரையில் அதைக் குறிப்பிட்டார்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழுகிறது. சூரியனின் மேற்பரப்பில் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஹீலியம்தான். அப்படியிருக்க, ஹைட்ரஜனுக்கு இருப்பதுபோல் அதற்கும் சாதாரண சூரிய ஒளியில் ஒரு கரிய துளை ஏன் இல்லை? ஓர் அணு மஞ்சள் ஒளியை விழுங்க வேண்டுமானால், அதன் எலக்ட்ரான் ஏற்கெனவே அதற்கேற்ற உயர்ந்த படியில் ஏறி நிற்க வேண்டும். ஹைட்ரஜனில் அந்தப் படி தரையிலிருந்து 10.2 எலக்ட்ரான்வோல்ட் உயரத்தில் இருக்கிறது. சூரியனின் மேற்பரப்பு வெப்பமான சுமார் 5,800 கெல்வினில், ஏறத்தாழ இருபது கோடி அணுக்களில் ஒன்று அங்கே ஏறி நிற்கும். ஹைட்ரஜன் அவ்வளவு மிகுதியாக இருப்பதால் அதுவே போதுமானது. ஹீலியத்தின் படியோ 21 எலக்ட்ரான்வோல்ட் உயரத்தில் உள்ளது. உயரம் இருமடங்கானால் ஏறுவோர் பாதியாகக் குறைவதில்லை, பல கோடி மடங்கு குறைந்துவிடுகிறார்கள். எனவே சூரியனின் ஒளிரும் பரப்பில் ஹீலியம் ஏராளமாக இருந்தும் மஞ்சள் ஒளியை விழுங்க ஆளில்லை. அதற்கு மேலே உள்ள நிறமண்டலத்திலும் பிழம்புகளிலும் மட்டும், இன்னும் உயரே இருந்து பாயும் கடும் புற ஊதாக் கதிர் எலக்ட்ரான்களைப் பிய்த்தெறிய, அவை அணுவுக்குத் திரும்பும்போது படிப்படியாக இறங்கி வரும் வழியில் அந்த மஞ்சள் ஒளியை உமிழ்கின்றன. அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சூரிய நிறமாலையைக் கோடு கோடாகப் பட்டியலிட்ட வல்லுநர்களின் கண்ணில் பிரபஞ்சத்தில் மிகுதியில் இரண்டாவதான தனிமம் படாமல் போனதற்கு அவர்களின் கவனக்குறைவு காரணமல்ல.

வேதியியலாளர்கள் பலர் லாக்யரின் தனிமத்தை நீண்ட காலம் ஏற்காததைச் சில நூல்கள் குறுகிய மனப்பான்மையாகச் சித்திரிக்கின்றன. அது நேர்மையான தீர்ப்பாகாது. 1869-ஆம் ஆண்டின் கிரகணத்தில், சூரிய ஒளிவட்டத்தில் 530.3 நானோமீட்டரில் ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. அதுவும் எந்தத் தனிமத்துடனும் பொருந்தவில்லை. அதற்கும் ஒரு புதிய தனிமம் கற்பிக்கப்பட்டு, கொரோனியம் என்று பெயரிடப்பட்டது. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, அது பதின்மூன்று எலக்ட்ரான்களை இழந்த சாதாரண இரும்பு என்று கண்டறியப்பட்டது. ஒரே வகைச் சான்று, ஒரே வகைத் துணிவு. ஒன்று மெய்யானது, மற்றொன்று பொய்த்தது. முன்னறிந்து பிரிக்க வழியில்லாத நிலையில், பொருளைக் கையில் பிடித்துக் காட்டும்வரை காத்திருந்தவர்களே சரியானவர்கள். 1895 மார்ச்சில், வில்லியம் ராம்சே யுரேனியக் கனிமம் ஒன்றை அமிலத்தில் கரைத்து வெளிவந்த வாயுவில் அதே மஞ்சள் கோட்டைக் கண்டபோதுதான் ஹீலியம் தனிமமாக நிலைபெற்றது. ஒரே நாளில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் கண்டுபிடிப்பு உண்மையில் 27 ஆண்டுகள் நீண்டது.

குண்டூரின் மறுநாள் காலை தொடங்கிய முறை தமிழ்நாட்டிலேயே தொடர்ந்தது. சென்னை நோக்ககத்தின் சூரிய ஆய்வு 1899-இல் கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டது. பரப்பிய நிறமாலையில் ஒரே ஒரு கோட்டின் ஒளியை மட்டும் இரண்டாவது பிளவினால் பொறுக்கியெடுத்து, அந்த ஒளியில் சூரியனின் முழு உருவத்தையும் படமாக்கும் கருவி அங்கே நிறுவப்பட்டு, 1904 முதல் கால்சியத்தின் ஒளியிலும், சில ஆண்டுகள் கழித்து ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியிலும், வானம் தெளிந்த நாட்களில் சூரியன் படமெடுக்கப்பட்டது. அதன் வழிவந்த இந்திய வானியற்பியல் நிறுவனம் உருவாக்கி, ஆதித்யா எல்-1 விண்கலத்தில் 2023-இல் அனுப்பிய கருவி, கொரோனியம் என்று தவறாகப் பெயரிடப்பட்ட அதே 530.3 நானோமீட்டர் பச்சைக் கோட்டைக் கிரகணமின்றி ஆராய்கிறது. கொடைக்கானலின் பழைய கண்ணாடித் தகடுகள் எண்முறைப் படங்களாக்கப்பட்டு இணையத்தில் வைக்கப்பட்டுள்ளன. ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு காலையில் சூரியனின் விளிம்பில் எழுந்து நின்ற பிழம்பை யார் வேண்டுமானாலும் இன்று திறந்து பார்க்கலாம்.